பாகப்பிரிவினை வழக்கில் லஞ்சம்: யாரிடம் புகார் கொடுப்பது?

காரைக்குடிப் பக்கம் வளவு வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு. நீதிமன்றத்தில் ஆவண நகலுக்குக் காசு கேட்கிறார்கள், நீதிபதியையும் பங்காளி சரிக்கட்டிவிட்டாராம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலெக்டர் வேண்டாம். அரசியல் சாசனம் 235-வது பிரிவின்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. கலெக்டரோ அமைச்சரோ நீதிபதியை மாற்ற முடிந்தால், நாளை நில எடுப்பு வழக்கில் அரசுக்கு எதிராக அவர் எப்படித் துணிந்து தீர்ப்பு எழுதுவார்? இந்தச் சுதந்திரம் நமக்கானது.

காசு கேட்பவர் ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், கொடுப்பதற்கு முன்பே. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. நகலுக்கு விண்ணப்பித்த தேதி, எண் இரண்டையும் குறித்து வையுங்கள்.

நீதிபதி மீது என்றால் உயர் நீதிமன்றத்தின் விஜிலன்ஸ் (கண்காணிப்பு) பதிவாளருக்கு, பிரமாணப் பத்திரத்தோடும் சரிபார்க்கக்கூடிய ஆதாரத்தோடும் எழுதுங்கள். மொட்டைக் கடுதாசி எடுபடாது. எடுபடவும் கூடாது, நேர்மையான நீதிபதியை மிரட்ட அதுவே ஆயுதமாகிவிடும். ‘சரிக்கட்டிட்டோம்’ என்று பங்காளி ஊருணிக்கரையில் பேசியது ஆதாரமல்ல. உங்களைப் பயமுறுத்திக் குறைந்த பங்குக்குச் சம்மதிக்க வைக்கும் பேச்சாகவும் அது இருக்கலாம். தீர்ப்பு தவறு என்று மட்டும் தோன்றினால், புகார் அல்ல, மேல்முறையீடுதான் வழி.