உபுண்டு அப்கிரேடுக்கு அப்புறம் டெர்மினல் திறக்கலன்னா

ப்ரோ, 22.04-ல இருந்து 24.04 போனதுக்கு அப்புறம் டெர்மினல் ஐகான கிளிக் பண்ணா கொஞ்ச நேரம் சுத்திட்டு அப்படியே நின்னுடுது, மத்ததெல்லாம் ஓடுதுன்னு சொல்றீங்க. ரீஇன்ஸ்டால்லாம் வேணாம், பொறுங்க. எனக்கு லொகேல் (சிஸ்டத்தோட மொழி, எழுத்து செட்டிங்) தான் சந்தேகம். யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் கையாளுற முறை) லொகேல் இல்லன்னா உபுண்டுல இருக்குற இந்த க்னோம் டெர்மினல் திறக்காது, ஸ்க்ரீன்ல ஒரு எரர் கூட காட்டாம கமுக்கமா மூடிக்கும் (நானே ஒரு தடவ எதையோ நோண்டி இதுல மாட்டி அரை நாள் போச்சு).

கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்குங்க, கருப்பு ஸ்க்ரீன் வரும் பயப்படாதீங்க, லாகின் பண்ணி லொகேல்னு இங்கிலீஷ்ல (locale) அடிங்க, LANG-னு ஆரம்பிக்கிற வரி யூடிஎஃப்-8னு முடியாம வெறும் சி-ன்னோ காலியாவோ இருந்தா ஆள் சிக்கிட்டான். கண்ட்ரோல் ஆல்ட் எஃப்2-ல திரும்பி வந்து செட்டிங்ஸ்ல மொழிய வேற எதுக்காச்சும் மாத்தி, மறுபடி பழசையே வச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அப்பவும் வரலயா, பைத்தான்3-ஐ (சிஸ்டத்தோடயே வர்ற ப்ரோக்ராமிங் மொழி) வேற வெர்ஷனுக்கு மாத்தி வச்சிருந்தீங்களா? உபுண்டுல இந்த டெர்மினல கெளப்பி விடுறதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தான், அது சிஸ்டத்தோட வந்த வெர்ஷன்ல தான் ஒழுங்கா ஓடும். எக்ஸ்டெர்ம்னு இன்னொரு டெர்மினல் இருந்தா அதுல gnome-terminal-னு அடிச்சு ஓட்டி, வர்ற எரர அப்படியே இங்க போடுங்க.