கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. மதர்போர்டு போய்விட்டதா?

போர்டு போயிருக்காது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் அணைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் அந்த நேரம் முழுக்கக் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. பிளக்கில் கரண்ட் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அதன் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரிக்கு வேலை இல்லை.

கடிகாரம் என்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும், அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. பேட்டரி தீர்ந்தால் எண்ணிக்கை நின்று தேதி பின்னால் போகும். உடனே இணையதளங்களும் திறக்க மறுக்கும், ஏனென்றால் அவற்றின் பாதுகாப்புச் சான்றிதழ் உங்கள் தேதிக்குப் பொருந்தாது. நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங்ஸ்) அழிந்துபோகலாம், அதனால் முதலில் அதன் திரைகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது போர்டுகளில் செட்டிங்ஸ் அழியாது என்று சிலர் வாதிடுவார்கள்; எல்லா போர்டும் அப்படியில்லை. ரெய்டு என்றிருந்த ஹார்ட் டிஸ்க் முறை ஏஎச்சிஐ ஆக மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எடுத்து வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை சில நொடி அழுத்திவிட்டு, பேட்டரியின் ஓரத்துக் கிளிப்பைத் தள்ளினால் அது தானே எழும்பும். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். வாங்க வேண்டியது சிஆர்2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 ஒல்லி, கிளிப்பில் சரியாகப் பிடிக்காது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும்.

லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்து, நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது.

இதற்குப் போய் போர்டையே மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அநியாயம். எல்லாரையும் சொல்லவில்லை, ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொல்பவரை நம்பாதீர்கள்.

கழற்றிய பேட்டரியை மேஜையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். தீர்ந்த பேட்டரிக்கும் அந்த அளவு சக்தி மிச்சம் இருக்கும். இரு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவில் கொடுங்கள்.