தகரக் கூரைக்குக் கீழே றொக்வூல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) போட்டால் வெக்கை குறையுமா, புற்றுநோய் வருமா?

வெக்கை குறையும். புற்றுநோய்ப் பழி அஸ்பெஸ்ரஸுக்கு உரியது, அது ஏனோ றொக்வூலின் தலையில் விழுந்துவிட்டது. அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மேல்மாடிக்கு அமானோ தகரச் சீற் போடப் போவதாகவும், மேசன் றொக்வூல் போடச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் "அது கான்சர் சாமான்" என்று மறிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மாமா ஒருவரும் இருப்பார், அவருக்கும் ஒரு கருத்து இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கட்டாரில் எரிவாயு ஆலைகளில் நெடுங்காலம் லாகிங் வேலை செய்தவன். நீராவிக் குழாய்களுக்கு றொக்வூல் சுற்றி மேலே அலுமினியத் தகடு போர்த்துவதுதான் தொழில். பொறியியலாளர் இல்லை. பட்டம் இல்லாதவன் எதற்குப் பேசுகிறான் என்று கேட்க யாராவது வருவார்கள், வரட்டும். அவர்களைவிட நான் அந்தச் சாமானைக் கூடத் தொட்டிருக்கிறேன்.

பசால்ட் என்ற எரிமலைப் பாறையை 1500 பாகை செல்சியஸ் அளவில் உருக்கி, வேகமாகச் சுழலும் சில்லுகளில் விட்டால் மெல்லிய இழைகளாகப் பறக்கும். அதைப் பிசின் தெளித்து அழுத்தி எடுப்பதுதான் றொக்வூல். கண்ணாடியை உருக்கினால் கிளாஸ்வூல். இரும்பு உலைக் கசடிலும் செய்வார்கள், உண்மையில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் வந்தது அதுதான். வெப்பத்தை மறிப்பது இழை இல்லை, இழைகளுக்கு நடுவே அசைய முடியாமல் நிற்கிற காற்று. எங்கள் ஆச்சிமார் பனையோலையைத் தடிப்பாக வேய்ந்ததும் இதே கணக்குத்தான். ஆனால் ஓலை ஒரு நெருப்புப் பொறிக்குத் தாங்காது, றொக்வூல் 1000 பாகையிலும் உருகாது. பிசின் மட்டும் 200, 250 பாகையில் கருகத் தொடங்கும். கிளாஸ்வூல் அதற்கு முன்பே இளகிவிடும், ஆனால் வீட்டுக் கூரைக்கு அதுவும் தாராளமாகப் போதும்.

இனி நடந்த கதையைச் சொல்கிறேன். கோண்டாவிலில் என் சிநேகிதர் ஒருவர் ரியூட்டரி (தனியார் வகுப்பு) நடத்துகிறார். நீளமான தகரக் கொட்டகை, நடுவில் பலகை அடித்து இரண்டு வகுப்பு. சித்திரையில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும் நாட்களில், பத்து மணி தாண்டினால் பிள்ளைகள் கொப்பியாலே விசிறிக்கொண்டிருப்பார்கள். மின்விசிறி போட்டால் சுடுகாற்றுத்தான் சுற்றும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தகரத்தில் விழத் தொடங்கினால் இரசாயனவியல் சேர் வாயை மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுதுவதோடு சரி. மழையில்லாத நாளில் பலகைக்கு அந்தப் பக்கத்துப் பௌதிகவியல் இந்தப் பக்கம் கேட்கும்.

முதலில் அவர் செலவு குறைவு என்று ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையை ஒட்டத்தான் இருந்தார். நான் விடவில்லை. வயர் எங்கே சூடாகிறது என்று தெரியாத, ஒரே வாசல் உள்ள கொட்டகை. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தலைக்கு மேல் எரியக்கூடிய நுரையை ஒட்டுவதா? லண்டனில் 2017 ஆனி 14 இல் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் செத்தார்கள். அந்தச் சுவரில் பொலித்தீன் நடுவே வைத்த அலுமினியத் தகடும், அதற்குப் பின்னால் எரியக்கூடிய நுரையும் இருந்தன. லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் ஊரில் எத்தனை? அப்படியிருந்தும் இங்கே கட்டும்போது எவரும் அதை நினைப்பதில்லை.

கடைசியில் சீலிங் சட்டம் அடித்து அதன் மேலே 50 மில்லிமீற்றர் தடிப்பில் றொக்வூல் பலகைகளை அடுக்கினோம். வெட்டுவதற்கு விசேட ஆயுதம் ஒன்றும் வேண்டாம், பல்லுள்ள பாண் வெட்டும் கத்தி போதும். இடைவெளியை அளந்து அதைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட வெட்ட வேண்டும். அப்போதுதான் பலகை நெருக்கிக்கொண்டு நிற்கும். சரியாக அளவுக்கு வெட்டினால் ஓரத்தில் விரல் நுழையும் நீக்கல் விழும், வெக்கை முழுக்க அதுவழியே இறங்கிவிடும். நடுப்பலகைக்கு உள்ளேயும் அதையே வைத்து இரண்டு பக்கமும் மூடினோம். வேலை செய்தவர்களுக்கு நீளக் கை, முகமூடி, கண்ணாடி எல்லாம் கொடுத்தேன். ஒரு பெடியன் மட்டும் "இதென்ன அண்ணை" என்று சிரித்துவிட்டு வெறும் மேலோடு ஏறினான். இழை குத்திய அரிப்பில் அன்றிரவு அவனுக்கு நித்திரை இல்லை. (உங்களுக்கும் கடித்தால் முதலில் பச்சைத்தண்ணீரில் தேய்க்காமல் கழுவுங்கள், உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.)

இப்போது அங்கே வெயில் நேரத்தில் வகுப்பு நடக்கிறது. குளிரூட்டிய அறை மாதிரி என்று பொய் சொல்ல மாட்டேன், புழுக்கம் புழுக்கம்தான். ஆனால் தலைக்கு மேலிருந்து அடுப்பு எரிக்கிற மாதிரி இறங்கிய அந்த அனல் இல்லை. மழைச் சத்தமும் முற்றாகப் போகவில்லை, சேரின் குரல் அதற்கு மேலே கேட்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பௌதிகவியல் அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பிள்ளையின் தாய் வந்து, "சேர், மேலே கான்சர் பஞ்சு வைச்சிருக்கிறியளாம், என்ர பிள்ளையை நிப்பாட்டப் போறன்" என்றார். நான் அங்கேதான் நின்றேன். "உங்கட வீட்டுக் கூரை என்ன அக்கா?" என்று கேட்டேன். "சீற்றுத்தான்." "என்ன சீற்?" "அஸ்பெஸ்ரஸ் சீற்." போன மாதம் பின்பக்கம் பத்தி இறக்கக் கிரைண்டரால் வெட்டினார்களாம், தூசியைத் தும்புத்தடியால் கூட்டினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்ரஸையும் முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களோடு வைத்திருக்கிறது. றொக்வூலையும் கிளாஸ்வூலையும் 1988 இல் "தரக்கூடும்" என்ற பட்டியலில் வைத்தது உண்மை, வதந்தியின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும். 2001 இல் மீண்டும் பார்த்து, கட்டடங்களுக்குப் போடும் வகையை அங்கிருந்து எடுத்து, புற்றுநோய் தருவதாக வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாத மூன்றாம் பிரிவுக்கு மாற்றியது. அஸ்பெஸ்ரஸ் இழை நீளவாக்கில் பிளந்து பிளந்து நுரையீரலில் பல்லாண்டு கிடக்கும். றொக்வூல் இழை குறுக்கே முறியும், பெரும்பாலும் உடம்பில் கரைந்து போகும். உலைகளுக்குள் போடும் செராமிக் இழை வேறு சாமான், அதற்கு ஆபத்து அதிகம், இரண்டையும் குழப்ப வேண்டாம். "மூன்றாம் பிரிவு என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை" என்று ஒருவர் திருத்துவார். சரி, அதனால்தான் முகமூடி போடச் சொன்னேன்.

அஸ்பெஸ்ரஸை 2018 இலிருந்து கட்டுப்படுத்துவதாக எங்கள் நாடும் சொன்னது. 2017 மார்கழியில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸை எங்களுக்கு விற்பதும் ரஷ்யாதான். சில நாட்களில் இங்கே கட்டுப்பாடு தளர்ந்தது, அங்கே தேயிலை போனது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன தொடுப்பு என்று நீங்களே யோசியுங்கள்.

அந்தத் தாய் என்னை நம்பவில்லை. கனடாவில் இருக்கும் தன் தம்பியிடம் கேட்டார். அவர் தன் வீட்டுச் சுவர் முழுக்க அதுதான் என்று சொன்ன பிறகுதான் பிள்ளை திரும்பி வந்தது. எனக்குச் சுட்டது அதுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஊரில் கனடா, லண்டன் என்றால் சொல்லுக்கு ஒரு விலை, கட்டார், சவூதி என்றால் வேறு விலை. கோயில் உபயத்திலும் கல்யாணப் பேச்சிலும் அது தெரியும். நாங்கள் உழைத்த இடத்தில் குடியுரிமையும் இல்லை, முதுமைக்கு ஓய்வூதியமும் இல்லை, ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியோடு விமானம். அனுப்பின காசு மட்டும் ஒரே காசுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். றொக்வூலின் எதிரி தண்ணீர். நனைந்தால் உள்ளே நின்ற காற்று போய்விடும், அப்புறம் அது வெறும் ஈரச் சாக்கு. ஆலைகளில் குழாய்க்குத் தகடு போர்த்தும்போது பொருத்தை ஒருபோதும் உச்சியில் விடமாட்டோம். மணிக்கூட்டில் மூன்று அல்லது ஒன்பது நிற்கும் இடத்தில், மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் விழுகிற மாதிரிப் போடுவோம், மழை வழிந்து போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஈரம் உள்ளே தங்கி, வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே குழாய் துருவேறி ஓட்டை விழும். ஒழுங்காகச் சுற்றினால் வெறுங்குழாய் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மிச்சம், கை பட்டாலும் வேகாது. இங்கே நெல் அவிக்கும் ஆலைகளில் பொயிலரிலிருந்து வரும் குழாய் வெறுமனே கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். விறகுக் காசு அப்படியே ஆகாயத்துக்குப் போகிறது.

உங்கள் வீட்டுக்கு: முதலில் ஒழுக்கை அடையுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பலகை வாங்கி, தாள் மேலே கூரையைப் பார்க்க வையுங்கள். தாளுக்கும் தகரத்துக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலம் காற்று இருக்கட்டும், அப்போதுதான் தாள் அனலைத் திருப்பும். உப்புக்காற்றில் ஈரப் பஞ்சு தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் தகரம் சீக்கிரம் போகும். முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். சீலிங்கில் குழி விளக்கு இருந்தால் அதைச் சுற்றி இடம் விட்டு வையுங்கள். எலி இதில் கூடு கட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஓரங்களில் வலை அடியுங்கள்.

மீன் வைக்கும் குளிர் அறைக்கும் இதையே போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். குளிர்ப் பக்கம் ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈரம் உள்ளே போகாத, கண்ணறைகள் மூடிய நுரைப் பலகைதான் சரி. ஜெனரேற்றர் அறைச் சத்தத்துக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை, துளைத்தகடு போட்டு மூடி, புகைக்குழாயையும் சுற்றிவிடுங்கள். காற்று உள்ளே வரும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், இயந்திரம் சூடேறி நின்றுவிடும்.