நேப்பிள்ஸ் பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேய்க்குப் போகும் வழியில் இத்தாலியின் நேப்பிள்ஸில் அரைநாள் தங்கினால் போதுமா?

பதில்: போதாது. இந்த நகரத்தை ரயில் மாறும் இடமாக மட்டுமே கருதிப் பலர் கடந்து போவது எனக்கு வருத்தமளிக்கிறது. இரண்டு இரவுகளாவது தங்குங்கள். கிரேக்கர் காலத்தில் வகுத்த நேர்த்தெருக்கள் பழைய நகரில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அப்பகுதியை 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாம்பேய்க்குக் கரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் முக்கால் மணி நேரத்திற்குள் போய்விடலாம்.

கேள்வி: சாலையைக் கடக்கவே முடியாது, திருட்டும் அதிகம் என்கிறார்களே?

பதில்: கடவைக்கோட்டில் நின்று, வரும் வாகன ஓட்டி உங்களைப் பார்த்துவிட்டாரா என உறுதிசெய்துகொண்டு, சீரான நடையில் கடந்து செல்லுங்கள், பாதி வழியில் தயங்கி நிற்பதும் திடீரென ஓடுவதுமே ஆபத்து. ஸ்கூட்டர்கள் புகுந்து வரும் சந்துகளில் கைப்பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டமான ரயிலில் பணப்பை பத்திரம்.

கேள்வி: சுத்த சைவரான என் பெற்றோரும் வருகிறார்கள். அவர்கள் எதை நம்பிச் சாப்பிடலாம்?

பதில்: மரினாரா பீட்சாவை நம்பிச் சாப்பிடலாம். தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய் ஆகியவை மட்டுமே சேரும் அதில் பாலாடைக்கட்டி கிடையாது. மர்கெரிட்டா பீட்சாவில் மொசரெல்லா என்னும் பாலாடைக்கட்டி உண்டு. பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்தும் வழக்கம் இருப்பதால், அதை ஏற்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். 430 டிகிரி செல்சியசுக்கும் மேல் கனலும் விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும் பீட்சா என்பதால், உப்பிய விளிம்பில் கரும்புள்ளிகள் தெரியும், நடுப்பகுதி தொய்ந்து ஈரமாக இருக்கும். அதுவே அதன் பக்குவம். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சைவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இனிப்பிலும் நொறுக்குத்தீனியிலும்தான். அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் ஸ்ஃபோல்யத்தெல்லாவிலும், மிளகு சேர்த்த தரால்லியிலும் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது அங்கே மரபு. 'ஸ்த்ருத்தோ' (பன்றிக்கொழுப்பு) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாபா என்னும் கேக்கை ரம் கலந்த பாகில் ஊறவைக்கிறார்கள். ஃப்ரியாரியெல்லி என்ற கசப்புக்கீரையைப் பூண்டுடன் வதக்கித் தருவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் அதனுடன் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைச் சேர்ப்பது வழக்கமாதலால் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற பீட்சாக் கடைகளில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வியா தெய் திரிபுனாலி தெருவில் நல்ல கடைகள் அருகருகே உள்ளன. அவசரமென்றால் நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தரும் 'போர்தாஃபோல்யோ' பீட்சாவை நின்றபடியே சாப்பிடுங்கள், விலையும் குறைவு.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஏப்ரல், மே, அக்டோபர். ஆகஸ்ட் 15 விடுமுறையையொட்டிப் பல கடைகள் மூடியிருக்கும், வெயிலும் கடுமை. எந்த மாதம் போனாலும் தொல்லியல் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பாம்பேயின் சிறந்த ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை.