அடி இலையா, குருத்தா?

அன்புள்ள அம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி கும்பகோணம் வரை வந்து உங்கள் மகனைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எதுக்கெடுத்தாலும் செல்லைத்தான் கேட்கிறான் சார். நாளைக்கு இவனை யார் வேலைக்கு வைப்பாங்க?" என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போனீர்கள். மீதியை எழுதுகிறேன்.

முதலில், செல்போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். தம்பி பி.எஸ்சி. வேளாண்மை முடித்து எந்த வேலைக்குப் போனாலும் அங்கே செயற்கை நுண்ணறிவு அவனுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் வளர்ப்பதில் பயன் இல்லை. அதற்காக உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அன்று என் மேஜையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

பயிர்களின் சத்துக் குறைபாடு பற்றி எழுதிய அசைன்மென்ட்டைத் தம்பி காட்டினான். எட்டுப் பக்கம், கண்ணில் ஒரு பிழை படவில்லை. நான் கேட்டேன்: "சம்பா பயிர் மஞ்சளடிச்சு நிக்குது. வரப்புல நிக்கிற. முதல்ல எங்கே பார்ப்ப?" அவன் செல்லைத் தேடினான். நீங்கள்தான் சட்டென்று சொன்னீர்கள்: "அடி இலை பழுத்தா யூரியா பத்தலை. குருத்து வெளுத்தா அது வேற கோளாறு." முப்பது வருடம் நடவும் களையெடுப்புமாகக் குனிந்து பார்த்த கண் அது. எட்டுப் பக்கத்தில் இருந்ததும் அதேதான். எழுதியவனுக்கு அது தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஏன் அடி இலை முதலில் பழுக்கிறது என்று கேட்டேன். உங்களுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. சரி, இப்போது செல்லைக் கேள் என்றேன். யூரியா கொடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவி இளம் இலைக்கு அனுப்பிவிடும், அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகிறது. இரும்பும் கந்தகமும் அப்படி எளிதில் நகராது, அதனால் அவை குறைந்தால் குருத்துதான் முதலில் வெளுக்கும் என்று பதில் வந்தது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அம்மா, நீ சொன்னது இதுதாம்மா!" என்றான். கேள்வி அவனுடையதாக மாறிய பிறகு வந்த பதில் அது. அதை அவன் மறக்க மாட்டான். எட்டுப் பக்கத்தை அன்றே மறந்துவிட்டான்.

அதனால் நான் சொல்வது வரிசையை மாற்றுவது பற்றித்தான். இப்போது அவன் முதலில் செல்லைக் கேட்கிறான், பிறகு நோட்டில் எழுதுகிறான். இனி நோட்டு முதலில் வரட்டும். எந்தப் பாடமானாலும் இருபது நிமிடம் தனக்குத் தெரிந்ததை, தப்பும் தவறுமாகவே இருந்தாலும், கையால் எழுதட்டும். எங்கே முட்டிக்கொண்டு நின்றான் என்பதையும் குறிக்கட்டும். பிறகு செயலியைத் திறந்து, "எழுதிக் கொடு" என்று கேட்காமல், "நான் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது?", "இதை மறுத்து வாதாடு", "விடையைச் சொல்லாமல் என்னைக் கேள்வி கேள்" என்று கேட்கட்டும். அதே செயலிதான், ஆனால் இப்படிக் கேட்டால் அவன் மூளைக்கு வேலை கொடுக்கும். ஆங்கிலத்தில் கடிதம் எழுத, கலைச்சொல்லுக்கு அர்த்தம் பார்க்க எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் பெரிய நஷ்டமில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்றவை மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கற்று, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. சரியானதைச் சொல்லும் அதே தோரணையில் தவறையும் சொல்லும். உங்கள் வயலை அது பார்த்ததில்லை. பயிர் மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் தட்டினால் உரம் போடச் சொல்லக்கூடும். வடிகால் அடைபட்டுத் தண்ணீர் கட்டி, வேர் மூச்சுத் திணறிச் சத்தை இழுக்க முடியாமல் நிற்கும் பயிருக்கு மேலும் யூரியா போட்டால் காசுதான் கரையும். மருந்தின் அளவு, உரத்தின் அளவு என்று வந்தால் வேளாண் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் பார்க்காமல், அல்லது நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்காமல் எதையும் நம்பக் கூடாது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

இதே கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. 1903-இல், பள்ளியில் படிக்கும்போது, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்த அந்த நூலில் பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. விடைகள் அச்சிலேயே கிடந்தன. அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டு, அது ஏன் அப்படி வருகிறது என்று தானே போட்டுப் பார்த்தார். தம்பியை ஒரு நாள் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். கையில் விடை இருக்கும்போதும் ஒரு பையனால் யோசிக்க முடிந்திருக்கிறது.

வேலை பற்றிக் கேட்டீர்கள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வாகட்டும், அரசுத் தேர்வாகட்டும், அறைக்குள் செல்போன் கிடையாது. நேர்முகத்தில் ஒரு "ஏன்" கேட்டாலே கடன் வாங்கிய பதில் தெரிந்துவிடும். கடைசி ஆண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்துக்காகக் கிராமத்தில் போய்த் தங்குவான். அங்கே உங்களைப் போன்ற ஒருவர் வரப்பில் நின்று அவனைக் கேட்பார்.

நீங்கள் படிக்கவில்லையே, எப்படிச் சரிபார்ப்பது என்று தயங்காதீர்கள். இரவு சாப்பிடும்போது, இன்றைக்குப் படித்ததில் ஒன்றை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும் ஒரு "ஏன்" போடுங்கள். அவன் திணறினால் திட்ட வேண்டாம். அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறுநாள் தேடட்டும்.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு அப்படியே வேண்டும், அழகாக நகல் எடுக்க வேண்டாம்.