நட்சத்திரப் பதக்கமும் பங்குக் கிணறும்

ஐயா, வணக்கம்.

அம்மா வழிக் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்து எகிப்தில் லொறி ஓட்டியவர். 1946இல் ஊர் திரும்பி யாழ்ப்பாணத்தில் தோட்டமும், பிறகு கிளிநொச்சியில் வயலும் செய்து 1984இல் காலமானார். எங்களிடம் ஒரு நட்சத்திரப் பதக்கமும் ஒரு சூட்கேஸ் நிறையக் காணி உறுதிகளும் இருக்கின்றன. போர்க்காலத்துக்கு நான்கு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன். விவசாயம் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மாமா, "வெள்ளைக்காரனுக்குச் சண்டை பிடிச்ச கதையை ஏன் கிளறுகிறாய்?" என்று கோபிக்கிறார். அந்த ஆண்டுகளை விட்டுவிடலாமா? விவரம் தெரிந்தவர் கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மா ஒருவர்தான். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஆண்டுகளை விடாதீர்கள். ஆனால் அவற்றிலிருந்து தொடங்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "விவசாயம் பற்றி எழுத என்ன இருக்கிறது" என்பதுதான். படையில் அவர் இருந்தது சில வருடங்கள். மண்ணோடு இருந்தது 38 வருடங்கள்.

முதலில் சூட்கேஸைத் திறந்து உறுதிகளைத் திகதி வாரியாக அடுக்குங்கள். அறுதி (விற்பனை) உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி, ஈட்டு (அடமான) உறுதி என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் காணி ஈடு வைக்கப்பட்டது, எப்போது மீட்கப்பட்டது என்பதைப் பார்த்தாலே குடும்பம் நெருக்கடிப்பட்ட காலங்கள் தெரிந்துவிடும். காணி எப்படி வந்தது என்பதையும் உறுதியே சொல்லும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமாக ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற பிரிவுகள் இன்றைக்கும் உறுதி எழுதும் நொத்தாரிசின் பேனாவில் இருக்கின்றன. சீதன உறுதிகளைக் கவனமாகப் படியுங்கள். பதக்கம் அம்மப்பா ஒருவரைப் பற்றி மட்டும்தான் பேசும். அம்மம்மாவும் அவருடைய தாயும் எந்தக் காணியோடு வந்தார்கள் என்பது இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. சில உறுதிகள் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் கேளுங்கள். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் அங்கே போக வேண்டும் என்பது சட்டம்.

உறுதியின் கடைசியில் நாலு பக்க எல்லையும், "பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்" போன்ற வரிகளும் வரும். அதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். பங்குக் கிணறு என்றால் இறைப்பு முறை உண்டு. யாருக்கு எந்த நாள், யார் துலா மிதித்தார், யார் பட்டை பிடித்தார், தண்ணீர் இறைக்கும் மிஷின் எப்போது வந்தது, முறை தவறியதில் யார் யாரோடு பேசாமல் விட்டார்கள் — இவை எந்தப் பதிவகத்திலும் கிடையாது. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

கிளிநொச்சிக் காணி வேறு வகை. யாழ்ப்பாணத்தின் நில நெருக்கடிக்கு ஒரு வழியாக 1930களில் அங்கே குடியேற்றம் தொடங்கியது. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில் அரசு கொடுத்த பெர்மிட் காணி என்றால், நினைத்தபடி துண்டாடவோ விற்கவோ முடியாது, தனக்குப் பிறகு உரிமை பெறும் பின்னுரித்தாளராக ஒருவரைப் பதியலாம். யாருடைய பெயரைப் பதிந்தார், மற்றப் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கேட்கச் சங்கடமான கேள்விதான். கேளுங்கள். அப்புறம் 1970–77 காலத்தைக் கேளுங்கள். மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்திய அந்த வருடங்களில் வடக்கின் விவசாயிகள் கையில் காசு புரண்டது. அந்தக் காசில் யாருடைய கலியாணம் நடந்தது, எந்த அறைக்குச் சீமெந்து போட்டார்கள்?

பதக்கத்துக்கு வருகிறேன். ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரையைச் சுற்றி, அது எந்தப் போர்முனைக்கு உரியது என்று எழுதியிருக்கும். 'ஆபிரிக்கா' என்றிருந்தால், 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் அவர் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். பிரித்தானியர் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே சூட்கேஸில் அவருடைய படை எண் உள்ள கடதாசி ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரித்தானியப் படையினரின் கோப்புகள் இப்போது லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பியுங்கள், ஆனால் அதன் பதிலுக்காக எழுத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

மாமாவின் கோபம் எனக்குப் புரிகிறது. கொழும்பில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற தலைமுறைக்குச் சீருடை என்றாலே வேறு நினைவுகள்தான் வரும். ஆனால் அம்மப்பாவின் காலம் வேறு. இலங்கையரை அன்று யாரும் கட்டாயமாகப் படையில் சேர்க்கவில்லை, அவராகவே போனார். ஏன் போனார்? சம்பளத்துக்கா, வீட்டில் சண்டையா, ஊரைவிட்டு வெளியே போகும் ஆசையா? அவர் இல்லாத காலத்தில் வீட்டில் என்ன நடந்தது? 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். பர்மா விழுந்ததும் அரிசி வரத்து நின்று பங்கீடு வந்தது. அவர் அனுப்பிய காசு அப்போது எதற்கு உதவியது? 1955இல் இலங்கைப் படையின் முதல் இலங்கையர் தளபதியான அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். இதையெல்லாம் மாமாவிடம் வாதத்துக்காகச் சொல்லாதீர்கள், ஆறுதலாகச் சொல்லுங்கள். அவருடைய மறுப்பும் இந்தக் குடும்ப வரலாற்றில் ஒரு பகுதி. அவர் சம்மதித்தால் அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. உறவினர் வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவுப் புத்தகங்கள்) இருக்கிறதா என்று விசாரியுங்கள். பலவற்றில் வம்சாவளி இருக்கும். நூலகம் இணையத் தளத்திலும் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சிக்கு இந்த மாதமே போங்கள். உறுதிகளின் நகலை மட்டும் கொண்டுபோய், எல்லைக்காரரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கேள்விப் பட்டியலை வெளியே எடுக்க வேண்டாம், அவர் போக்கில் பேசட்டும். அவர் சம்மதித்தால் போனில் பதிவு செய்யுங்கள். கிணற்றைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.