தொட்டுப் பேசும் கருவிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழியில்தான் பேசுவார். இப்போது பார்வையும் ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. அஷர் நோய்க்குறி என்று மருத்துவர் கூறிவிட்டார். பிற்காலத்தில் அவருடன் பேசுவதற்கு எந்தக் கருவியை வாங்கி வைக்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன்பு வீட்டில் தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு இதுவே ஏற்ற காலம். அஷர் என்பது மரபு வழியாக வரும் நிலை. செவித்திறன் குறைவோடு விழித்திரையும் படிப்படியாகச் செயலிழப்பதால் முதலில் இரவுப் பார்வையும் பின்னர் ஓரப் பார்வையும் குறைகின்றன. நடுப்பார்வை பெரும்பாலும் பல ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே சைகைகளை மார்புக்கு முன்னால் சிறிய வட்டத்துக்குள் செய்வது, தோல் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒரே வண்ண உடை அணிவது, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நிற்பது ஆகியவற்றை இன்றே பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். அடுத்ததாக, அவர் தம் கைகளை உங்கள் கைகளின் மேல் வைத்துச் சைகைகளைத் தொட்டு உணரும் தொடு சைகையை, கண்ணின் துணை எஞ்சியிருக்கும்போதே இருவரும் சேர்ந்து பழகுங்கள்.

புடைத்த புள்ளிகளை விரலால் தொட்டு வாசிக்கும் பிரெய்ல் எழுத்தைக் கற்பதையும் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரெய்ல் கருவி தருவது எழுத்து மொழியை. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழியே. உங்கள் அண்ணன் செய்தித்தாளைச் சரளமாக வாசிப்பவரானால் அக்கருவி அவருக்கு மிகவும் உதவும். வாசிப்பு அவருக்குச் சிரமமாக இருக்குமானால், விலை உயர்ந்த கருவியைக் காட்டிலும் தொடு சைகை அறிந்த நான்கு மனிதர்களே அவருக்குப் பெரிய துணை. இதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பார்வையும் செவித்திறனும் இல்லாத ஒருவருடன், சைகையும் பிரெய்லும் அறியாத அந்நியர் ஒருவர் நேருக்கு நேர் உரையாட முடியுமா?

பதில்: முடியும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே டெல்லாடச் என்ற இயந்திரம் அதைச் சாத்தியமாக்கியது. பேச விரும்புபவர் தட்டச்சுப் பொறியில் இருப்பது போன்ற விசைகளை அழுத்துவார். மறுபக்கத்தில் இருப்பவரின் விரலுக்கடியில் அந்த எழுத்துக்குரிய பிரெய்ல் புள்ளிகள், ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்தாக, எழும்பும்.

இன்று அந்த வேலையைச் செய்வது, திரையில் உள்ள எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் டிஸ்ப்ளே. 14, 20, 40 என வெவ்வேறு எண்ணிக்கையில் கட்டங்கள் கொண்ட கருவிகள் உள்ளன. ஒரு கட்டம் ஒரு பிரெய்ல் எழுத்துக்கான இடம்; வழக்கமாக ஒரு கட்டத்துக்குப் புள்ளிகளாக எழும்பும் 8 ஊசிகள். மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் மெல்லிய தகடு ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனியே பொருத்தப்படுவதுதான் இவற்றின் விலை உயர்ந்திருப்பதற்கு முதன்மைக் காரணம். டிஸ்ப்ளேயைப் புளூடூத் வழியாகக் கைப்பேசியுடன் இணைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் அந்தக் கைப்பேசியிலோ அதனுடன் இணைந்த விசைப்பலகையிலோ தட்டச்சு செய்வது புள்ளிகளாக மாறி விரலை அடையும். பதிலை, பார்வையும் செவித்திறனும் இல்லாதவர் டிஸ்ப்ளேயில் உள்ள பிரெய்ல் விசைகளால் எழுதுவார். அது திரையில் எழுத்தாகத் தெரியும், வேண்டுமானால் கைப்பேசி அதைக் குரலாகவும் வாசிக்கும். ஐபோனில் உள்ள, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் வசதி நெடுங்காலமாகவே இவ்வகைக் கருவிகளை ஏற்கிறது. ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக், 2022 முதல், தனிச் செயலியின் துணையின்றியே ஏற்கிறது. கருவிகளுக்கும் கணினிகளுக்கும் இடையில் பொது இணைப்புத் தரம் ஒன்று 2018-இல் அறிவிக்கப்பட்டதால், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மென்பொருளைத் தேடி நிறுவும் தொல்லையும் குறைந்து வருகிறது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, வருவதை வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். திருப்பிச் சொல்லவும், தாமே பேச்சைத் தொடங்கவும், இடைமறித்து “எனக்கு அதில் உடன்பாடு இல்லை” என்று கூறவும் முடிந்தால்தான் அது உரையாடல். இல்லாவிட்டால் அவர் அறிவிப்புகளைப் பெறுகிறவராக மட்டுமே இருப்பார். கருவியை விளக்க வருகிறவரிடம் பதில் எழுதும் பக்கத்தைக் காட்டச் சொல்லி, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

தட்டச்சு செய்பவருக்கும் சில கடமைகள் உண்டு. தம் பெயரை எழுதித் தொடங்க வேண்டும். பேசி முடித்ததைக் காட்ட ஓர் அடையாளத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்; காதுகேளாதோர் பயன்படுத்திய தொலைபேசித் தட்டச்சுக் கருவிகளில் “இனி நீங்கள் பேசலாம்” என்பதைக் குறிக்க ஈரெழுத்துக் குறியீடு வழக்கில் இருந்தது. இடையில் வேறொருவர் கூப்பிட்டால் “ஒரு நிமிடம், ஒருவர் அழைக்கிறார்” என்று எழுதிவிட்டே திரும்ப வேண்டும். எழுதாமல் திரும்பினால், எதிரில் இருப்பவருக்கு அது காரணம் தெரியாத மௌனம். இவற்றைச் சுருக்கமாக அச்சிட்ட அட்டை ஒன்று கருவியுடன் இருந்தால் முதன்முறை சந்திப்பவரும் தயங்க மாட்டார்.

கேள்வி: பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றைப் பிரெய்ல் டிஸ்ப்ளேயுடன் இணைத்துவிட்டால், உடனிருந்து மொழிபெயர்க்கும் மனிதர் தேவையில்லை அல்லவா?

பதில்: ஒருவர் மட்டும், அமைதியான அறையில், நிதானமாகப் பேசும்போது அந்த ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது, தட்டச்சு தெரியாதவர்களும் பேச வழி திறந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் இயல்பான பேச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. பழகிய பிரெய்ல் வாசகர்களிலும் பலர் 100 சொற்களை ஒட்டியே வாசிக்கிறார்கள். நான்கு பேர் பேசும் அறையில் பிரெய்லில் வாசிப்பவர் ஒரு கருத்தை வாசித்து முடிக்கும்போது மற்றவர்கள் அடுத்த பொருளுக்குப் போயிருப்பார்கள். செயலி ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டுவிட்டால், அதைச் சரிபார்க்க முழு வாக்கியமும் கண்முன் இருக்காது. விரலுக்கடியில் இருப்பவை இரண்டு மூன்று சொற்கள்தான். மருந்தின் அளவு, தேதி, தொகை போன்றவற்றைச் செயலியை நம்பிப் பேசாமல் தட்டச்சு செய்தே தெரிவியுங்கள்.

மேலும், யார் சிரித்தார், யார் முகம் சுளித்தார், யார் எழுந்து போனார் என்பவை எழுத்தாவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே, முதுகிலும் தோளிலும் தொட்டுச் சூழலை உணர்த்தும் குறிப்பு முறைகளைப் பின்லாந்தின் ரீட்டா லாட்டினன் போன்றோர் வளர்த்தெடுத்தனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2007-ஐ ஒட்டி, பார்வையும் செவித்திறனும் இல்லாதவர்களே முன்னின்று உருவாக்கிய புரோடாக்டைல் முறையில், கேட்பவர் பேசுபவரின் தொடையிலோ கையிலோ தட்டித் தட்டித் தாம் கவனித்துக்கொண்டிருப்பதை உணர்த்துகிறார். நாம் தலையசைத்து “உம்” கொட்டுவதன் இடத்தை அது நிரப்புகிறது. எந்தச் செயலியும் இன்னும் இதைச் செய்யவில்லை என்பதால், பயிற்சி பெற்ற மனிதரின் தேவை அப்படியே இருக்கிறது.

கேள்வி: பேசும் கையுறை, சைகை செய்யும் இயந்திரக் கை என்றெல்லாம் செய்திகள் வருகின்றனவே?

பதில்: முயற்சிகள் பழையவை. ஒவ்வோர் எழுத்தையும் விரல் வடிவால் குறிக்கும் விரலெழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்டர் என்ற இயந்திரக் கை 1980-களிலேயே அமெரிக்காவில் உருவானது. 1881-இல் ஹீரோனிமஸ் லோர்ம் வகுத்த, உள்ளங்கையில் தொட்டும் தடவியும் எழுத்துகளை உணர்த்தும் முறையைக் கையுறையாக்கிக் கைப்பேசியுடன் இணைக்கும் ஆய்வு பெர்லினில் நடந்தது. இவை பரவலான அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துவிடவில்லை. செய்தியை நம்பி இன்றைய பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. 9 வயதில் பார்வையையும் 18 வயதில் செவித்திறனையும் இழந்து, பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரான சதோஷி ஃபுகுஷிமாவுக்கு உலகத்தை மீட்டுத் தந்தது, மகனின் விரல்களையே பிரெய்ல் விசைகளாகக் கொண்டு அவருடைய தாய் 1981-இல் தட்டிக் காட்டிய விரல் பிரெய்ல் முறை.

கேள்வி: என் தாய்க்கு வயது எண்பதை நெருங்குகிறது. காதும் கண்ணும் ஒருசேர மங்குகின்றன. இனி அவரால் பிரெய்ல் கற்க இயலாது. என்ன செய்வது?

பதில்: முதுமையில் இவ்விரண்டும் சேர்ந்து குறைவது மிகப் பலருக்கு நேர்கிறது, அவர்களுக்கு ஏற்ற கருவிகள் எளியவை. பேசுபவரின் வாயருகே வைக்கும் ஒலிவாங்கியிலிருந்து ஒலியை நேரே காதுக்குக் கொண்டுவரும் ஒலிபெருக்கி, கறுப்புத் திரையில் மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்துகளைக் காட்டும் டேப்லெட் ஆகியவற்றை முதலில் முயன்று பாருங்கள். இவை போதாத நேரங்களில், அவருடைய உள்ளங்கையின் நடுவில் உங்கள் ஆள்காட்டி விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாக, பெரிதாக எழுதுங்கள்; ஒரு சொல் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள்; பிழையானால் உள்ளங்கையைத் துடைப்பதுபோலத் தடவிவிட்டு மீண்டும் எழுதுங்கள். அழைப்பு மணிக்கு அதிர்வுக் கருவி ஒன்றைப் பொருத்தினால் யாரோ வந்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

கண் மருத்துவரிடம் செவிக்குறையையும், செவித்திறன் நிபுணரிடம் பார்வைக்குறையையும் தவறாமல் சொல்லுங்கள். பொத்தான் அளவு பேட்டரியைப் பார்த்து மாற்ற முடியாதவருக்கு, அதற்குரிய பெட்டியில் வைத்தாலே சார்ஜ் ஆகும் காதுக்கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அந்த நிபுணர் நீங்கள் சொன்னால்தான் அறிவார்.